இரண்டாவது டாக்டர் தேவையில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குகிறேன், இதையும் அப்படியே தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். கிளினிக்குக்கு வருகிறவர்கள் நலமில்லாமல்தான் வருகிறார்கள், அது அவர்கள் இயல்பு. என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தக் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் எலும்பு முறிவு என்று எண்ணிக்கொள், முறிவுக்கு முன்னால் எழுதிய கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காதே. முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஒன்றாம் தேதி உன் ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுப்பதற்காக எழுதி வைத்திருக்கிறாயே, ராஜினாமாக் கடிதம், அதைக் கொடுக்காதே. நீ இங்கே வந்து என்னோடு கிளினிக்கில் உட்கார வேண்டியதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா என்கிறாய். வா என்றபோது சரிம்மா என்றாய், வராதே என்றாலும் சரிம்மா என்பாய், இதில் எந்தச் சரிம்மா உன் மனதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அப்பா வேறு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் புகுந்து அங்கே மழை உண்டா என்று கேட்பார். எழுத்தில் இருந்தால் நீ இரண்டு முறை படிக்கலாம். தபால் தாமதமாகலாம் என்று அப்பா இதைப் போட்டோ எடுத்தும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தலைகீழாக வந்தால் திருப்பிப் படி.

நான் கை உடைந்து கிடந்தபோது உனக்கு விஷயத்தைப் பாதிதான் சொன்னோம். அம்மா கிளினிக்கில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார், அது உண்மைதான். எதில் வழுக்கினேன் என்பதைச் சொல்லவில்லை. அன்று காலை பத்தேகாலுக்கு நம் முன்னறையில், அதாவது ஆறு நாற்காலி போட்ட அந்த அறையில், பதினோரு பிராணிகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஓட்டல்காரருடைய கன்றுக்குட்டி அளவு நாய், தையற்கடை அம்மாளின் மூன்று பூனைகள் ஒரே கூடையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கிளி, இன்னும் யார் யாரோ. கிளி குரைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பது அங்கே இருந்த நாய்களுக்குத் தெரியாது. அது ஒரு முறை குரைத்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. ஓட்டல்காரரின் நாயும் இன்னொரு வெள்ளை நாயும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்தன, விலக்கப் போன நான் ஏதோ ஒரு பயந்த பிராணி தரையில் விட்டிருந்த ஈரத்தில் காலை வைத்தேன், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத் தொழிலில் ஒரு மாடு கூட என்னை உதைத்து எலும்பை உடைத்ததில்லை. ஒரு கிளியின் பேச்சால் உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்தான் உனக்குப் போன் செய்தேன். இனி என்னால் தனியாக முடியாது, கூட்டம் என் கையை மீறிப் போய்விட்டது, ஒன்று நீ வந்து பாதியைப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் கிளினிக்கை மூடிவிடுகிறேன் என்று சொன்னேன். உனக்குப் பின்னால் மீன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரிம்மா, வந்துடறேன் என்றாய். மூன்று வருடமாக நீ எந்த நோயைத் துரத்திக்கொண்டிருக்கிறாயோ அது இப்போதுதான் பிடிபடப் போகிறது என்பதும், இந்த வருடக் கடைசியில் உன் வேலை நிரந்தரமாகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சரிம்மாவை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். உன் அத்தை அன்றைக்கே மாடி அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டு, பிள்ளை திரும்பி வருகிறான் என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். மீன் டாக்டர் வந்தால் நாய்களை என்ன செய்வார் என்று யாரோ கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நம் கிளினிக்குக்கு இத்தனை வருடத்தில் வந்தது ஒரே ஒரு மீன், அதுவும் வரும்போதே இறந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் வீட்டுக்கு வந்தார். அவர் என்னோடு படித்தவர், படிக்கும் காலத்தில் உடற்கூறியல் வகுப்பில் என் நோட்டைப் பார்த்து எழுதியவர், அதனால் என் அறிவின் மேல் அவருக்கு இன்னும் மரியாதை உண்டு. இறுதியாண்டு மாணவர்களுக்குப் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம், கிளினிக் நிர்வாகம் என்று. நன்றாகப் படித்து வெளியே போகிற பிள்ளைகள் இரண்டே வருடத்தில் கிளினிக்கை மூடிவிட்டு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள், காரணம் வைத்தியம் தெரியாததல்ல, கடை நடத்தத் தெரியாததுதான் என்று ஒரு கமிட்டி கண்டுபிடித்திருக்கிறது. கமிட்டிகள் எப்போதாவது சரியாகவும் கண்டுபிடிப்பதுண்டு. கையில் கட்டுப் போட்டிருப்பதால் உன்னால் ஊசி போட முடியாது, பேச முடியும் அல்லவா, வாரம் இரண்டு நாள் வந்து பேசு என்றார். முப்பத்தொரு வருடம் ஒரு கிளினிக் மூடப்படாமல் இருந்தால் அதை நடத்துகிறவளுக்கு நடத்தத் தெரியும் என்பது அவருடைய அனுமானம். என்னுடைய அனுமானமும் அதுவாகவே இருந்தது. கிளினிக்கைக் காலையில் பார்த்துக்கொள்ள ஒரு இளம் டாக்டரை அனுப்பி வைத்தார். அந்தப் பிள்ளை நல்லவர், ஆனால் மூன்றாவது வாரமே தனக்கு முடி கொட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பார்த்தாயா, நமக்கு இரண்டு டாக்டர் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பாடப் புத்தகம் பன்னிரண்டு அறையும் ஒரு லிஃப்டும் உள்ள மருத்துவமனைகளுக்காக எழுதப்பட்டது. முதல் அத்தியாயத்தில் உங்கள் நிறுவனத்தின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுக என்று இருந்தது. எழுதச் சொன்னேன். முப்பத்தேழு பேர் விலங்குகளின் நலனே எங்கள் நோக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஒருவன் மட்டும் நலமே என்று எழுதியிருந்தான். பிறகு நாடகம் மாதிரி ஒரு பயிற்சி. ஒருவர் நாய்க்காரர், ஒருவர் டாக்டர், ஆபரேஷனுக்கு என்ன செலவாகும் என்று டாக்டர் சொல்ல வேண்டும். பசுவின் நான்கு வயிற்றையும் தூக்கத்தில் ஒப்பிக்கிற பிள்ளைகள், தொகையைச் சொல்லும்போது மட்டும் யாரோ இறந்த செய்தியைச் சொல்கிற முகத்தோடு நிற்கிறார்கள். ஒரு பையன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, யாரும் கேட்காமலே பாதியாகக் குறைத்து, கடைசியில் நாய்க்காரராக நடித்தவனே அவனைத் தேற்றும்படி ஆகிவிட்டது. நான் நிமிர்ந்து நில், தொகையைச் சொல், சொன்ன பிறகு வாயை மூடு என்று கற்றுக்கொடுத்தேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் கண்ணா. எனக்குத் தெரியாதது வேறு.

கட்டுப் பிரித்து நான் மறுபடி கிளினிக்கில் உட்கார ஆரம்பித்த வாரம், மாணவர்கள் ஒரு கிளினிக்கை ஆறு நாள் நேரில் கவனித்து அறிக்கை தர வேண்டும் என்று பாடத்திட்டத்தில் வந்தது. வேறு எந்தக் கிளினிக்கும் சம்மதிக்கவில்லை. எங்களுடையதற்கு வாருங்கள், எதையும் ஒளிக்க மாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண்ணை மற்றவர்கள் ஸ்டாப்வாட்ச் என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். கழுத்தில் உண்மையாகவே ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலருகே நின்றுகொண்டு யார் எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று ஆறு நாளும் எழுதினாள். வரவேற்பு மேசையில் வழக்கம்போல் அப்பா. அங்கே அவர் என்னை டாக்டர் என்றுதான் சொல்வார், வாங்க போங்க என்பார், உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பிள்ளைகள் அவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற பெரியவர் என்றே நினைத்துவிட்டார்கள். மறுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அறிக்கையை வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். எனக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அப்பா என் பையைச் சுமந்துகொண்டு கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் எந்த மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று திரையில் ஒரு வரைபடம் போட்டாள். காலை பத்து மணிக்கு ஒரே ஒரு தூண், உயரமாக, அதற்குப் பிறகு மாலை வரைக்கும் வெறும் தரை. நாடோடிகள் கூடக் குடியேறத் தயங்குகிற தரை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இங்க டாக்டர் பத்தலன்னு எல்லாரும் நினைக்கிறாங்க மேடம், நீங்களும் நினைக்கிறீங்க. ஆனா பன்னெண்டரைக்கு மேல நீங்க ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துட்டு இருக்கீங்க. ஆறு நாளும் எழுதி வச்சிருக்கேன், சராசரியா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் பாக்கறீங்க என்றாள். நான் ஆசிரியர் அல்லவா, குரலைச் சோதிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, சரி, இன்னொரு டாக்டரைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

ரெண்டு பேர் ரோட்டைப் பாப்பீங்க மேடம் என்றாள்.

அந்த இரண்டாவது ஆள் நீதான் கண்ணா. மூன்று வருட ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்து என்னோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்திருப்பாய். எனக்கு நாற்காலியில் உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தேன். மற்ற மாணவர்கள் அதை அறிக்கையை ரசித்துக் கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அவள் காரணத்துக்கு வந்தாள். போன் செய்கிற எல்லோரையும் பத்து மணிக்கு வரச் சொல்கிறார்கள், ஒருவரைக் கூட வேறு நேரத்துக்கு வரச் சொல்லவில்லை, ஏன் என்று முன்மேசையில் இருப்பவரைக் கேட்டேன், அவர் தந்த பதில் என்று சொல்லி அதையும் திரையில் போட்டாள். நம் அப்பா சொன்னதுதான். வண்டி பத்து மணிக்குன்னா பயணிங்க எல்லாரும் பத்துக்கு முன்னாடியே பிளாட்பாரத்துல இருக்கணும்மா, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாவா வண்டி விடுவாங்க. முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதர் வேறு எப்படிச் சொல்வார். அறிக்கையின் முதல் பரிந்துரை, முன்மேசையில் இருப்பவரை மாற்ற வேண்டும். அவரை மாற்றுவதற்கு நான் முப்பது வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன் என்றேன். வகுப்புக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்பா எழுந்து நின்றார். எனக்குப் பகீரென்றது, கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவாரோ என்று. அவர் கையை முன்னால் கட்டிக்கொண்டு, மாணவனைப் போலவே ஒரு கேள்வி கேட்டார். அவரை மாத்துங்க, வேணாங்கல. ஆனா அவருக்கு யாராவது டைம்டேபிள் போட்டுக் குடுத்தாங்களான்னு விசாரிச்சீங்களா? அவள் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்க வேண்டியதில்லை, எனக்குப் பதில் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், அவர் ஓய்வு பெற்று முதல் நாள் மேசையில் வந்து உட்கார்ந்தபோது, யார் போன் செய்தாலும் டாக்டர் பத்து மணிக்குப் பார்ப்பார் என்று சொல்லுங்கள் என்றேன். அன்று எனக்கு ஒரு வேலை இருந்தது, அன்றைக்காகச் சொன்னேன். ரயில்வேயில் ஒரு உத்தரவை இன்னொரு உத்தரவு போட்டு ரத்து செய்யாதவரை அது நடப்பில் இருக்கும். அவர் ஆறு வருடம் அதை ஒரு நாள் கூடத் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறார். முன்னறையில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து நானோ, என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. மத்தியானம் ஆள் வராததற்கு வெயில் என்றும், மழைக்காலத்தில் மழை என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். நாய்களைப் பிடித்துக்கொள்கிற நம் உதவியாள் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறாண்டல் நிறைந்த கையைக் காட்டி, எனக்குத் தெரியுமே என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, என்னை யார் கேட்டாங்க டாக்டர் என்றாள். இவள் வேலைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவும் வைத்துக்கொண்டுதான் வாரம் இரண்டு நாள் நிர்வாகம் கற்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அதில்தான் எனக்குப் பயிற்சி இருக்கிறதே. மறுநாள் காலை அவர் கடைக்குப் போய்ப் பெரிய சார்ட் காகிதமும் ஓரடி ஸ்கேலும் இரண்டு வண்ணப் பென்சிலும் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்தார். இரண்டு நாள் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு ஒரு தடுப்பூசிக்கு எத்தனை நிமிடம், காது சுத்தம் செய்ய எத்தனை நிமிடம் என்று அவள் எழுதி வைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்டாளாம், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நகம் வெட்ட எவ்வளவு நேரம் அதைச் சொல்லு என்றாராம். மூன்றாம் நாள் அட்டவணை மேசைக்கு மேலே சுவரில் ஏறிவிட்டது. பெரிய நாய்கள் காலையில், ஒன்று கிளம்பிப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது உள்ளே வரும். பூனைகள் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை, அந்த நேரத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆபரேஷன் பன்னிரண்டுக்கு மேல். அவசரமாக வருகிறவர்களுக்காகக் காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம் காலியாகவே இருக்கும். அதில் யாரையும் போட விட மாட்டேன்கிறார், நான் கேட்டால் கூட. அந்த லைனை எப்பவும் கிளியரா வச்சிருக்கணும் டாக்டர் என்கிறார்.

முதல் வாரம் ரகளைதான். தலைமையாசிரியர் பழக்கத்தில் கிளியோடு பத்து மணிக்கே வந்துவிட்டார், அவருக்குக் கொடுத்த நேரம் நாலு இருபது. நான் உக்காந்திருக்கேன், எனக்கென்ன அவசரம் என்றாராம். உங்க வண்டி இன்னும் ஷெட்டை விட்டே வரல சார், வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வாங்க என்று அப்பா அனுப்பிவிட்டார். இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். இப்போது ஐந்தாவது வாரம் முடிந்துவிட்டது. இது ஓடுகிறதா என்று பார்க்காமல் உனக்கு நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. முன்னறையில் ஒரே நேரத்தில் மூன்று பிராணிகளுக்கு மேல் பார்த்து ஒரு மாதமாகிறது. முன்பு பார்த்ததைவிட அதிகம் பேரைத்தான் பார்க்கிறேன், ஆனால் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உதவியாள் அம்மா வேறு இடம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், கேட்காமலே சொன்னாள். அந்தப் பெண்ணின் அறிக்கைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். ஒரு ஆளை நீக்கச் சொல்வதற்கு முன் அவருக்கு என்ன வேலை சொல்லப்பட்டது என்று விசாரிக்காததற்கு நாலு மார்க் குறைத்தேன். நியாயம் பார்த்தால் அந்த நாலும் எனக்குத்தான் குறைய வேண்டும், ஆனால் மார்க் போடுகிற இடத்தில் நான் இருந்தேன். அடுத்த வருடமும் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒப்புக்கொண்டேன். இந்த முறை அந்தப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, இந்த ஆறு வருடக் கதையிலிருந்து பாடத்தைத் தொடங்குவதாக இருக்கிறேன்.

அதனால் உன் வேலையை நீ நிம்மதியாகப் பார். அந்தத் தொட்டிகளை விட்டு வராதே. இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடு, அந்த ஈரமான கூடத்தில் நாள் முழுக்க நிற்கிறாய், காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், உன் மேலதிகாரியிடம் இதைப் பற்றி ஏற்கெனவே வாய்தவறி எதுவும் சொல்லியிருந்தால் இன்றைக்கே போய்த் திருத்திவிடு. அத்தை மாடி அறையில் இப்போது வடாம் போல மருந்துப் பெட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறாள், தெருவுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிட்டால் எனக்கு இலேசாகிவிடும். அந்தப் பெண் இரண்டு பேர் ரோட்டைப் பார்ப்பீர்கள் என்று சொன்னபோது, அப்பாடா, பிள்ளை தப்பித்தான் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி, அப்படியானால் அவன் வரமாட்டானே என்றும் தோன்றியது. கிளினிக்குக்கு இன்னொரு டாக்டர் வேண்டும் என்று நான் உறுதியாக நம்பியது பொய்யில்லை. ஆனால் அதை நம்புவது எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போது புரிகிறது. நீ போய் நாலு வருடம் ஆகிறது, மகனே. வா என்று கூப்பிட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கை உடைந்ததும் கிடைத்துவிட்டது. உன் வேலை நிரந்தரமானதும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா. ஒரு வேலையும் இல்லை, யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, இங்கே உன்னால் ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா வா.

உடம்பும் மனசும் நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும், தொட்ட காரியம் உன் கையில் கூடி வர வேண்டும் என்று நானும் அப்பாவும் உனக்கு ஆசி சொல்கிறோம். அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பத்திரமாகவும் வைக்காதே, கிழித்துவிடு. கிழித்ததும் ஒரு போன் போடு, அதற்கு மட்டும் சரிம்மா என்று சொன்னால் போதும்.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்,
உன் அம்மா